எட்டுக்கால் வண்டியின் வயிறு

எங்கள் பட்டறையில் அவளுக்குப் பெயர் எலி. வைத்தவர் அவளுடைய அக்கா புருஷன். பட்டறைத் தலைவரும் அவர்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பதினைந்து பேர் சுற்றி நிற்கும்போது, "இது என் மச்சினி. எலி மாதிரி எந்தச் சந்துலயும் நுழைஞ்சிடுவா. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் அங்கே சாமான் அறையில் இருந்தேன். சீல், பேரிங், போல்ட் எல்லாம் எடுத்துக் கொடுப்பவன். என் ஜன்னலைத் திறந்தால் பட்டறை முழுக்கத் தெரியும். ஆகவே இதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை வெகுநாள் கழித்து அவளே சொன்னாள்.

பட்டறை ஒரு பெரிய ஏரியின் கரையில் இருந்தது. பாதி தண்ணீர், பாதி சேறு, நடுநடுவே கோரை. அதற்குள்ளே பன்னிரண்டு இடங்களில் நீர்மட்டம் அளக்கும் கம்பங்கள் நட்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை அளவர்கள் போய்ப் பார்த்து வர வேண்டும். படகில் போனால் சேற்றில் தட்டி நிற்கும். ஜீப்பில் போனால் முங்கும். அதற்காக வாங்கியவைதான் அந்த எட்டுச் சக்கர வண்டிகள், மொத்தம் நான்கு. உடம்பு முழுவதும் ஒரே பிளாஸ்டிக் தொட்டி. சக்கரங்கள் பூசணிக்காய் மாதிரி ஊதியிருக்கும். தரையில் ஓடும், தண்ணீரில் இறங்கினால் அதே சக்கரங்கள் துடுப்பாகித் தள்ளும். நாங்கள் எட்டுக்கால் என்போம்.

மிதக்கிற தொட்டியில் ஓட்டை இருக்கக் கூடாது. ஆனால் சக்கரங்களுக்கு அச்சு போக வேண்டுமே, எட்டு ஓட்டை போட்டுத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பேரிங், ஒரு ரப்பர் சீல். சீல் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே வரும். வந்த தண்ணீர் யார் கண்ணிலும் படாது. இருக்கைகளுக்குக் கீழே ஒரு தரைத்தகடு, அதற்கும் கீழே ஒன்றரை அடி உயரத்தில் சங்கிலிகள் ஓடும் ஒரு வயிறு. தண்ணீர் அங்கே போய்த் தேங்கும். மேலே உட்கார்ந்திருப்பவன் காலை ஆட்டிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான். அந்தத் தண்ணீரை வெளியே தள்ள ஒரு சின்னப் பம்பு உண்டு.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். வண்டியைச் சோதனைத் தொட்டியில் இறக்கி, யாராவது அந்த வயிற்றுக்குள் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, கசியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். ஆண்களுக்குத் தோள் இடிக்கும். அவள் நுழைந்துவிடுவாள்.

அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. புருஷன் வெளியூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பிள்ளை இல்லை. அக்கா வீட்டில், இஸ்திரி மேசையும் பஞ்சரான சைக்கிளும் கிடந்த அறையில், மேசைக்கு அடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள். வீட்டில் அவர் அத்தான், பட்டறையில் சார். வாய் தவறி ஒருநாள் பட்டறையில் "அத்தான்" என்றுவிட்டாள். எல்லோர் எதிரிலும் நிற்க வைத்துப் பத்துத் தடவை "சார்" சொல்ல வைத்தார். ஏழாவது தடவைக்கு மேல் எங்களில் சிலரும் சேர்ந்து எண்ணினோம்.

இன்னொரு நாள் அவள் வயிற்றுக்குள் படுத்திருக்கும்போது தரைத்தகட்டை மேலே போட்டு நாலு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, "நல்லாத் தூங்கு" என்று சொல்லி எல்லோரையும் டீ குடிக்கக் கூட்டிப் போனார். நாற்பது நிமிடம். திரும்பி வந்து திறந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து, "வலது பக்கம் மூணாவது அச்சுல கசியுது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். அவள் அழாததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வேலையில் அவள் கெட்டிக்காரி. நாலு வருஷத்தில் டார்ச்சே தேவைப்படவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த அச்சு என்று சொல்வாள். வண்டி தண்ணீரில் இறங்கும் முன் பதிவேட்டில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவள் பொறுப்பானது. ஆனால் அந்தப் பதிவேட்டைப் பார்த்து வண்டி எடுத்தவர் ஒரே ஒருத்தர்தான்.

அவர் ஓட்டுநர். வெயிலோ மழையோ தலையில் ஒரு துணித்தொப்பி இருக்கும். தொப்பிக்காரர் என்போம். அதிர்ந்து பேசமாட்டார். வண்டியை ஏரிக்குள் திருப்புவது, உறங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவது மாதிரி இருக்கும். எங்களில் அவளை எலி என்று கூப்பிடாதவரும் அவர் மட்டும்தான். ஏறுவதற்கு முன் அவளைப் பார்த்து, "போலாமாம்மா?" என்பார். "போலாம்ணே" என்றால்தான் சாவியைத் திருப்புவார். அவளுக்கு அந்தப் பட்டறையில் கிடைத்த மரியாதை அந்த ஒற்றைக் கேள்விதான்.

ஐந்தாம் வருஷம், தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் ஏரியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிகாரிகள் வெயிலில் வாடக் கூடாதென்று ஒரு வண்டிக்கு இரும்புக் குழாயில் கூடாரச் சட்டம் அடித்து, கெட்டியான துணி போர்த்தி, உச்சியில் ஒரு மின்விசிறியும் மாட்டினார். பார்க்க ஊர்வலப் பல்லக்கு மாதிரி இருந்தது. சட்டத்தின் எடை மட்டும் இரண்டு ஆள் எடை. அதுவும் தலைக்கு மேலே.

அவள் வேண்டாம் என்றாள். எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டாள். கிரீஸ் பாத்திரங்களைக் கழுவும் அகலமான தட்டில் அழுக்குத் தண்ணீரை ஊற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"சார், இத பாருங்க. நேரா பிடிச்சா ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சா, தண்ணி மொத்தமும் இந்தப் பக்கம் ஓடி வருது. வந்து இன்னும் சாய்க்குது. வயித்துக்குள்ள தண்ணி நின்னா வண்டியும் இப்படித்தான். இப்பவே மேல கனம் வேற ஏத்தியாச்சு. ஒரு பக்கம் சாஞ்சா அப்புறம் நிமிராது சார்."

அவர் பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். "குடு, நானும் பாக்கறேன்" என்று தட்டை வாங்கினார். வாங்கி, மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும் அவள் தலையில் ஊற்றினார்.

"ஆமா. நீ சொன்ன மாதிரியே ஒரு பக்கமாத்தான் ஓடுது" என்றார்.

பட்டறை சிரித்தது. நானும் சிரித்தேன்; ஜன்னலுக்கு உள்ளே இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். கிரீஸ் கலந்த தண்ணீர் அவள் காதுக்குள்ளும் கழுத்துக்குள்ளும் இறங்கியது. தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. ஒரு பழந்துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதிகாரிகள் வரும் நாள் காலை பத்து மணிக்கு அவள் வழக்கம்போல் கூடார வண்டியின் வயிற்றுக்குள் நுழைந்தாள். வலது பக்கம் மூன்றாவது அச்சு. சீலின் உதடு கிழிந்து, நூல் மாதிரி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பம்பின் சுவிட்சைத் தட்டினாள், ஓடவில்லை. ஒயரைத் தொட்டுக்கொண்டே போனாள். பாதியில் வெட்டி, அதை மேலே மின்விசிறிக்கு இழுத்திருந்தார்கள். அதிகாரிகளுக்குக் காற்று வர வேண்டுமே.

வெளியே வந்து நிமிர்ந்தாள். அத்தான் சலவைச் சட்டையும் புது ஷூவுமாக நின்றிருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன எலி, இன்னைக்கு என்ன கதை? தட்டு கொண்டு வரட்டுமா?"

அவள் கையைத் துணியில் துடைத்தாள்.

"சீக்கிரம் சொல்லு. சரியா, இல்லையா?"

"சரிதான் சார்" என்றாள். பதிவேட்டிலும் எழுதினாள்.

அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். இந்தக் கசிவுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாளி. மொத்தம் எட்டு வாளி. வண்டி கனத்து, தள்ளாடி, கரைக்கு வந்து நிற்கும்போது தரைத்தகட்டுக்கு மேலே தண்ணீர் எட்டிப் பார்க்கும். அதிகாரிகளின் கால் நனையும். அவருடைய புது ஷூ நனையும். அவர்கள் எதிரில் அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். அதுதான் அவள் கணக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் நனைந்து நிற்க வேண்டும்.

தொப்பிக்காரர் வந்தார். "போலாமாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். அவருக்குப் பின்னால் அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "போலாம்ணே" என்றாள்.

நாற்பது நிமிடத்தில் வண்டி திரும்பவில்லை. அதிகாரிகளுக்கு ஏரி பிடித்துப்போயிற்று. ஏழாவது கம்பத்தருகே பறவைக் கூட்டம் ஒன்று இறங்கியிருந்தது, நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அரை மணி, முக்கால் மணி. கரையில் அவள் முதலில் நின்றாள், பிறகு நடந்தாள், பிறகு என் ஜன்னலுக்கு வந்து, "அண்ணே, வயர்லெஸ் இருக்கா? கூப்பிட்டுத் திரும்பச் சொல்லுங்க" என்றாள். "அதிகாரிங்க இருக்கும்போது எப்படிக் கூப்பிடறது? நீ வேற" என்றேன். இது என் பங்கு. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏரியில் நடந்தது பற்றிப் பிறகு அத்தான் வீட்டில் சொன்னது இது. தொப்பிக்காரர் இரண்டு முறை, "சார், அடி கனக்குது, போயிடலாம்" என்றிருக்கிறார். "வாய மூடிட்டு ஓட்டு" என்றிருக்கிறார் இவர். கடைசியில் வண்டியைத் திருப்பியபோது, பறவைகள் எழும்பின. படம் எடுக்க அதிகாரிகள் இருவரும் ஒரே பக்கமாக எழுந்து போனார்கள். வயிற்றுக்குள் இருந்த தண்ணீரும் அந்தப் பக்கம் ஓடியது. கூடாரம் அதற்கு மேல் சாய்ந்தது. எண்ணி மூன்று நொடி. எட்டுச் சக்கரமும் வானத்தைப் பார்த்தன.

விளிம்பில் நின்றிருந்த அதிகாரிகள் தூரப் போய் விழுந்தார்கள். மிதவைச் சட்டை தூக்கிக்கொண்டது. அத்தான் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். தொப்பிக்காரர் நடு இருக்கையில், கூடாரத்துக்கு உள்ளே. அவரும் மிதவைச் சட்டை போட்டிருந்தார். கீழே முங்கி வெளியே வர விடாமல் அதுவே அவரை மேலே தூக்கி, கவிழ்ந்த தொட்டியோடு வைத்து அழுத்திக்கொண்டது.

கயிறு கட்டி வண்டியைக் கரைக்கு இழுத்தபோது அது இன்னும் கவிழ்ந்தேதான் இருந்தது. கூடாரச் சட்டம் நசுங்கி, உள்ளே போக ஒரு சந்துதான் இருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு அத்தான், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, போர்வை போர்த்திக்கொண்டு நின்றவர், சொன்னார்:

"எலி, உள்ள போ."

போனாள். கத்தியால் மிதவைச் சட்டையின் வாரை அறுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. வெகு நேரம் ஆயிற்று. முதலில் அவருடைய கால்கள் வெளியே வந்தன. அவள் உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் மூன்று பேரும் சமையலறையில் நின்றுகொண்டு பேசியிருக்கிறார்கள்.

"நீ சரின்னு எழுதியிருக்க. கையெழுத்து உன்னுது" என்றார் அத்தான்.

"பம்பு ஒயர வெட்டச் சொன்னது யாரு?" என்றாள் இவள்.

"அப்போ நீ பாத்திருக்க."

அக்கா அடுப்பை அணைத்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும் வாயத் தொறக்கப் போறதில்ல. புரிஞ்சுதா? செத்தவர் வந்து பதில் சொல்லப் போறாரா? வண்டிய வேகமாத் திருப்பிட்டாருன்னு சொல்லுங்க. என் புள்ளைங்க ரெண்டும் படிக்குது" என்றாள். பிறகு தங்கையிடம், குரலைத் தாழ்த்தி, "உனக்குப் போறதுக்கு வேற எடம் இருக்கா, சொல்லு" என்றாள்.

விசாரணைக்கு வந்தவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. பறவையைப் பார்க்க எழுந்து நின்ற அதிகாரிகளைப் பற்றி எழுத யாருக்குக் கை வரும்? வண்டியை நிமிர்த்தும் முன்பே ஒயரைப் பழையபடி இணைத்தாயிற்று. ஓட்டுநரின் அஜாக்கிரதை என்று முடித்தார்கள். அவளும் அதன் கீழே கையெழுத்திட்டாள். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு அலுவலகத்தில் ஏதாவது ஒரு வேலை தருவது வழக்கம். தவறு அவருடையது என்றானதால் அது இல்லை. குடியிருப்பையும் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள்.

காலி செய்யும் முன் அவருடைய மனைவி பட்டறைக்கு வந்தாள். அவருடைய பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திறக்கவில்லை. நேராக எலியிடம் போனாள்.

"உன்னப் பத்திச் சொல்லுவாரும்மா. அந்தப் பொண்ணு சரின்னா கண்ண மூடிட்டுப் போலாம்பாரு. நீ சொல்லு, நான் நம்பறேன். அவரு வண்டிய அப்படித் திருப்பற ஆளா?"

அத்தானின் அறைக்கதவு திறந்திருந்தது.

"அன்னைக்குக் கொஞ்சம் வேகமாத்தான்கா திருப்பிட்டாரு" என்றாள் எலி.

"பாவி மனுஷன்" என்றாள் அந்த அம்மாள். "ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு அப்படி என்ன அவசரம்?" பெட்டியைத் தூக்கிக்கொண்டு, புருஷனைத் திட்டிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனாள்.

அதன் பிறகு பன்னிரண்டு வருஷம். அத்தான் பதவி உயர்ந்து, ஓய்வு பெற்று, ஒரு காலை நேரத்தில் குளியலறையில் விழுந்து போய்ச் சேர்ந்தார். எலி அதே பட்டறையில்தான் இருந்தாள். ஆள் மாறிவிட்டாள். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவாள். சீலைச் சரியாக உட்கார வைக்காத ஒரு மெக்கானிக்கை, தகப்பன் வயதுக்காரர், எல்லோர் எதிரிலும் வாய்க்கு வந்தபடி பேசி அழ வைத்தாள். அத்தானின் குரலே அவள் வாயில் இருந்தது. அவளைக் கண்டால் எங்களுக்குப் பயம். எலி என்று கூப்பிட ஒருவருக்கும் தைரியம் இல்லை.

அத்தானின் காரியங்கள் முடிந்த மறுவாரம் அவள் தொப்பிக்காரரின் மனைவியைத் தேடிப் போனாள். அந்த அம்மாள் ஒரு தையல் கடையில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் தடித்த கண்ணாடி. எலி எல்லாவற்றையும் சொன்னாள். கிழிந்த சீல், வெட்டிய ஒயர், எட்டு வாளி, ஷூ.

அந்த அம்மாள் ஊசியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த ஆள் உசுரோட இருந்தப்போ ஏன் சொல்லல?"

"பயம்கா."

"இப்போ பயமில்ல. அதனால வந்திருக்க."

"ஆமாக்கா."

"எழுதிக் குடுப்பியா?"

எழுதிக் கொடுத்தாள். மூன்று பக்கம், அலுவலகத்துக்கு. புதிதாக வந்திருந்த அதிகாரி படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். "இதுல சொல்ற ஒருத்தர் செத்துட்டார். உசுரோட இருக்கற குற்றவாளி நீங்க மட்டும்தான். தெரியுதா?" என்றார். தெரியும் என்றாள். ஆறு மாதத்தில் வேலை போயிற்று. செய்தி தெரிந்த அன்றே அக்கா அவளுடைய துணிகளை ஒரு பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டாள். செத்த மனிதர் பேரைக் கெடுத்தவள் என்று இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. வயர்லெஸ் பற்றி அந்த மூன்று பக்கத்தில் அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

தொப்பிக்காரரின் மனைவிக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனது. விபத்துக்கு ஓட்டுநர் பொறுப்பல்ல என்று ஒரே வரி. காலம் கடந்துவிட்டதால் வேலை தர வழியில்லை என்று இன்னொரு வரி. கடிதம் வந்ததா என்று கேட்க எலி அவள் வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மாள் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. கதவைப் பாதி திறந்து, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்துச்சு. படிச்சேன்" என்றாள். "பன்னெண்டு வருஷமா தெனம் காலைல எழுந்ததும் அந்த மனுஷனத் திட்டிட்டுத்தான் அடுப்பு பத்த வச்சேன். புள்ளைங்களுக்கும் அப்படியே சொல்லிக் குடுத்துட்டேன். மூத்தவ கல்யாணத்துக்கு அவரு படத்தக்கூட வெக்க வேணாம்னுட்டா. அதுக்கு யாருகிட்டப் போயி எழுதி வாங்கறது?"

அந்த அம்மாள் கதவைச் சாத்தினாள். நாங்கள் தெருமுனை வரை நடந்தோம். எனக்கு வேறு பக்கம் போக வேண்டியிருந்தது. அவள் பேருந்துக்கு நின்றாள்.